வெளியே போய் மறுபடி உள்ளே வா

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே! தலைநகரிலிருந்து வந்து, வந்த நேரத்திலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சுகாதார அதிகாரி அவர்களே! மரியாதைக்குரிய இமாம் அவர்களே! நம் டாக்டரம்மாவின் தங்கை ராதியா அவர்களே! ஆலிவ் பறிக்கப் போவதுபோல் பிக்கப் வண்டியின் பின்னால் நின்றுகொண்டே மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் சகோதரிகளே! இவள் மைக்கைப் பிடித்தால் பெண்கள் சமாசாரம் பேசிவிடுவாளே என்று பின்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். ஆண்களே, பேசத்தான் போகிறேன். கூச்சமாக இருந்தால் இப்போதே எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

நான் தலெந்தா. அய்ன் தர்தார் பெண்கள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வசீலா வெர்கி அவர்களிடம் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த நர்ஸ். அவர் மறைந்து இன்று நாற்பதாம் நாள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை விளக்கு என்றார்கள், மலை என்றார்கள், ஊருக்கே தாய் என்றார்கள். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். டாக்டர் வசீலா வெர்கி என்னை ஏமாற்றிவிட்டார்! பதினோரு மாதம், தினமும் காலையில், என் முகத்துக்கு நேரே பொய் சொல்லி ஏமாற்றிவிட்டார்!

இமாம் என்னைப் பார்க்கிறார். இறந்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும் ஐயா. நல்லதைத்தான் முதலில் பேசப்போகிறேன். அதைக் கேட்டால்தான் அவர் எனக்குச் செய்த துரோகம் எவ்வளவு பெரியது என்று இந்தச் சபைக்குப் புரியும்.

அவர் வருவதற்கு முன்னால் நாம் எப்படி வைத்தியம் பார்த்துக்கொண்டோம்? நினைவிருக்கிறதா சகோதரிகளே? மலையிலிருந்து இரண்டு மணி நேரம் இறங்கி வருவீர்கள். வாசலில் மூன்று மணி நேரம் காத்திருப்பீர்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவர் "எப்படி இருக்கே?" என்று கேட்பார். நீங்கள் "நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்" என்பீர்கள். கூரை ஒழுகினாலும் அதுதான் பதில், மகன் சிறையில் இருந்தாலும் அதுதான் பதில். நமக்கு அது பதில்கூட இல்லை, மூச்சு விடுவது மாதிரி. டாக்டரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். நீங்களும் வாங்கிக்கொண்டு கதவுப்பிடியில் கை வைப்பீர்கள். அப்போதுதான், முதுகைக் காட்டிக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல டாக்டரம்மா, கொஞ்ச நாளா..." என்று ஆரம்பிப்பீர்கள். அதற்குள் அடுத்தவள் உள்ளே வந்து நிற்பாள்.

டாக்டர் வசீலா வந்த முதல் வாரமே இதைப் பிடித்துவிட்டார். "தலெந்தா, இந்த ஊர்ல வியாதி எல்லாம் கதவுப்பிடியிலதான் இருக்கு. அதுக்கு முன்னாடி சொல்றது பூரா வானிலை அறிக்கை" என்றார். மறுநாளே சட்டம் போட்டார். அந்த அறைக்குள் யாரும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லக்கூடாது! சொன்னால் என்ன தண்டனை? உங்களில் பாதிப் பேர் வாங்கியிருக்கிறீர்கள்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்."

"அப்படியா? நல்லா இருக்கிறவளுக்கு இங்க என்ன வேலை? வெளிய போ. வெளிய போய் மறுபடி உள்ள வா."

அவள் திருதிருவென்று விழித்துக்கொண்டு வெளியே போவாள். காத்திருக்கும் கூட்டம் சிரிக்கும். மறுபடி உள்ளே வருவாள். மறுபடி அதே கேள்வி. சிலர் மூன்று தடவை போய் வந்திருக்கிறார்கள். மூன்றாவது தடவை வரும்போது நெஞ்சில் இருப்பது தானாக வெளியே வரும்.

அந்த டாக்டர் இறைவனுக்கு நன்றி சொல்லக்கூட விடமாட்டேன் என்கிறாள் என்று ஊரில் புகைந்தது. மேடையில் இருக்கும் இமாம் அவர்களின் துணைவியாரே நேரில் வந்து கேட்டார். நம் டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? "நன்றியை வாசல்லயே சொல்லிட்டு வாங்கம்மா, நான் குறுக்க நிக்கமாட்டேன். அல்லாவுக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது. எங்கிட்ட நீங்க சொல்லித்தான் ஆகணும்." இமாம் சிரிக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அதையே அவர் பள்ளிவாசலில் சொன்னார் என்பதையும் நான் இங்கே நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

எழுதத் தெரியாதவள் கேள்விகளை எப்படி நினைவில் வைத்துக்கொள்வாள்? தலைத்துணியின் ஓரத்தில் முடிச்சுப் போடச் சொன்னார். ஒரு கேள்விக்கு ஒரு முடிச்சு. சொல்ல எது ரொம்பக் கூச்சமோ அதற்குப் பெரிய முடிச்சு. பெரிய முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். "எத்தனை முடிச்சு கொண்டாந்தே?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எல்லாம் அவிழ்கிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடமாட்டார். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி தெரியாது என்றால் திட்டமாட்டார். சுவரில் வியாழக்கிழமைச் சந்தைகளுக்குச் சிவப்பு வட்டம் போட்ட காலண்டர் மாட்டியிருந்தார். "பெருநாளுக்கு முந்தின சந்தையா, பிந்தின சந்தையா? ஆடு வித்தியே, அதுக்கு முன்னாடியா?" என்று கேட்டுத் தேதியைப் பிடித்துவிடுவார். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்வார். நாட்டு மருந்துக்கடையில் வாங்கி, மருமகள் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறோமே, அந்த வேர்களையும் சேர்த்துத்தான்!

நான்காம் வரிசையில் கெமீஸா உட்கார்ந்திருக்கிறாள். நேற்று அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன், "சொல்லுக்கா, தாராளமா சொல்லு" என்றாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மாமியார் ஹெத்பாவோடு வந்தாள். நம்மூர் வழக்கம் தெரிந்ததுதானே! நோய் மருமகளுக்கு, வாய் மாமியாருக்கு. டாக்டரம்மா எதைக் கேட்டாலும் ஹெத்பா பெரியம்மாதான் பதில் சொன்னார்.

"பசிக்குதா?"

"நல்லாத் திங்கிறா."

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

"எல்லாம் ஒழுங்கா வருது."

"பெரியம்மா, உங்களுக்கா வருது?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன். அவர் நகைச்சுவையாக ஏதாவது சொன்னால் நான் எப்போதும் அப்படித்தான் ஓடுவேன், இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள். திரும்பி வந்ததும் டாக்டரம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. கூட வந்தவரை அடுத்த அறைக்கு அழைத்துப்போய் இரத்த அழுத்தம் பார்ப்பது என் வேலை. இடது கையில் பார்ப்பேன், வலது கையில் பார்ப்பேன், மிஷின் சரியில்லை என்று சொல்லி மறுபடி இடது கைக்கு வருவேன். அந்தக் கால் மணி நேரத்தில் கெமீஸா தன் பெரிய முடிச்சை அவிழ்த்தாள். கணவனோடு இருந்துவிட்டு எழுந்தால் இரத்தம் படுகிறது என்றாள். ஏழு மாதமாக. டாக்டரம்மா அன்றே பரிசோதித்து, மாதிரி எடுத்து அனுப்பினார். கருப்பை வாயில் புற்றாக மாறத் தொடங்கியிருந்த இடத்தை நேரத்தோடு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கெமீஸாவுக்கு ஒரு மகள் பிறந்தாள். மகளின் பெயர் என்ன? வசீலா! அந்த ஹெத்பா பெரியம்மாதான் அந்தப் பெயரை வைத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைக் கவனமாகக் கேளுங்கள். தன் நோயைத் தனதென்று சொல்ல வெட்கப்படுகிற பெண் என்ன செய்வாள்? "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, எங்க பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான்..." என்பாள். டாக்டர் வசீலா குனிந்து அவள் காலைப் பார்ப்பார். "ஏண்டி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி உன் செருப்பைத்தான் மாட்டிக்கிட்டு வந்திருக்காளா?" என்பார். எத்தனை பக்கத்து வீட்டுக்காரிகளை நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம்! இருபத்தாறு வருடத்தில் ஒருத்திகூட எங்களிடமிருந்து தப்பியதில்லை என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருத்தி தப்பினாள். என் கண் முன்னால் தப்பினாள்!

போன வருடம், ஆலிவ் அறுவடை முடிந்த நேரம். கடைசி நோயாளி போன பிறகு டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"தலெந்தா, எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள. வயசு அறுபத்தொண்ணு. மாசவிலக்கு நின்னு பத்து வருஷமாச்சு. இப்ப நாலு மாசமா ரத்தம் படுதாம். நீயா இருந்தா என்ன சொல்லுவே?"

"என்ன சொல்லுவேனா? அந்தக் கழுதையக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வாங்க! நின்னுபோனது திரும்பி வந்தா ஒரு நாள்கூட உக்காந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே வாய் ஓயாமச் சொல்றீங்க?"

"அவளுக்கு வேலை நெறைய இருக்காம்."

"செத்தா வேலையை யாரு பாப்பாங்களாம்?"

டாக்டரம்மா சிரித்தார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் ஏன் அன்று குனிந்து அவர் செருப்பைப் பார்க்கவில்லை? சொல்லுங்கள், ஏன் பார்க்கவில்லை? அவருக்கு வயது அறுபத்தொன்று என்பது எனக்குத் தெரியாதா? போன பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியவளே நான்தானே!

அதற்கு மேலும் நான் ஒன்று செய்தேன். அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகப் பதிவேட்டில் செவ்வாய்க்கிழமைக்கான முதல் இடத்தை ஒதுக்கி வைத்தேன். 'டாக்டரம்மாவுக்குத் தெரிந்த பெண்மணி' என்று என் கையாலேயே எழுதினேன். அவள் வரவில்லை. அடுத்த செவ்வாயும் எழுதினேன். ஐந்து செவ்வாய்க்கிழமை எழுதினேன் அன்பர்களே! ஐந்து முறையும் டாக்டரம்மா காலையில் அந்தப் பதிவேட்டைத் திறந்தார், முதல் வரியைப் படித்தார், "அவ வரமாட்டா போல, அடுத்தவளைக் கூப்பிடு" என்றார். தன்னையே! தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் அடுத்தவளைக் கூப்பிடச் சொன்னார்! தினமும் காலையில் நான் காபியை நீட்டி, "எப்படி இருக்கீங்க டாக்டரம்மா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் தலெந்தா, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எந்த அறையில் அதைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டாரோ, அதே அறையில் நின்று சொன்னார். இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஏன் சொல்லவில்லை? அது எனக்குத் தெரியும். அதிகாரி அவர்களே, கடிகாரத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு இதைக் கேளுங்கள். எங்கள் நிலையத்துக்கு இரண்டாவது டாக்டர் வேண்டும் என்று அவர் ஏழு கடிதம் எழுதினார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கால் முறிந்து மூன்று வாரம் படுத்திருந்தபோது நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு பெண் பிக்கப் வண்டியிலேயே குழந்தையைப் பறிகொடுத்தாள். அந்தப் பெண்ணின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு டாக்டரம்மா ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. தான் படுத்தால் கதவு மூடிவிடும் என்று பயந்தார். நியாயமான பயம்தான். ஆனால் அந்தப் பயத்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே? நான் இந்த ஊரையே கூட்டிக்கொண்டு போய் உங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கமாட்டேனா? நம்மை நம்பவில்லை அவர். என்னை நம்பவில்லை!

ஒரு திங்கட்கிழமை படிக்கட்டில் மயங்கி விழுந்தார். தங்கை ராதியா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கேதான் எல்லாம் தெரிந்தது. கருப்பையில் தொடங்கியது ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. முதல் மாதமே வந்திருந்தால் எடுத்துப் போட்டிருக்கலாம் என்று அங்குள்ள டாக்டர் சொன்னார். யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! இருபத்தாறு வருடம் இதே வாக்கியத்தை ஊர்ப் பெண்களிடம் சொன்னவரிடம்!

நான் பார்க்கப் போனேன். அழவில்லை, சண்டை போட்டேன். இரக்கமே இல்லாமல் சண்டை போட்டேன்.

"அஞ்சு செவ்வாக்கிழமை டாக்டரம்மா! அஞ்சு செவ்வாக்கிழமை நான் இடம் புடிச்சு வச்சேன்! என்னை முட்டாளாக்கிட்டீங்களே!"

அவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, கண் மட்டும் அப்படியே இருந்தது. கத்தி முடித்துவிட்டு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கதவுப்பிடியில் கை வைத்தேன்.

"தலெந்தா" என்றார். "கதவுகிட்டப் போயிட்டே. இப்பவாவது சொல்லு."

"என்னத்தைச் சொல்ல?"

"எங்கூட இருபத்தாறு வருஷம் இருந்தே. எல்லாப் பொம்பளையையும் அந்தப் பரிசோதனை மேசை மேல படுக்க வச்சே. நீ ஒரு தடவையாவது படுத்திருக்கியா? வருஷா வருஷம் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் என்ன பதில் சொன்னே?"

நான் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தேன்.

"நான் ஜோக் சொன்னா நீ ஏன் வெளிய ஓடுறேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஸ்டூல்ல ஓரமா உக்கார்றியே, அது தெரியாதா? பொய் சொல்ல நான் யார்கிட்டக் கத்துக்கிட்டேன்? உங்கிட்டத்தான்டி." பிறகு, எங்கள் அறையில் கேட்பது போலவே கேட்டார். "எப்படி இருக்கே தலெந்தா?"

சகோதரிகளே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தப் படுக்கைக்கு முன்னால், அந்தக் கண்களுக்கு முன்னால், இவ்வளவு சண்டை போட்ட பிறகும் நான் சொன்னேன்: "நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வெளிய போ" என்றார். "வெளிய போய் மறுபடி உள்ள வா."

நான் வெளியே போனேன். நடைக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பார்வை நேரம் முடிந்தது என்று காவலாளி அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் ராதியாவின் போன் வந்தது. நான் மறுபடி உள்ளே போகவே இல்லை.

நாற்பது நாளாக நான் வெளியிலேயே நிற்கிறேன். நாற்பது நாளாக அவர் எனக்குச் செய்த துரோகத்தை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நான் அவருக்குச் செய்ததை இன்றுதான் சொல்கிறேன். பின்வரிசை ஆண்களே, நீங்கள் யாரும் எழுந்து போகவில்லை, நன்றி. என் மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து, பத்தொன்பது வருடமாக, என் கருப்பை கீழே இறங்கியிருக்கிறது. நின்றால் கனக்கிறது. இருமினால், சிரித்தால் துணி நனைந்துவிடுகிறது. டாக்டரம்மா சிரிக்க வைக்கும்போதெல்லாம் நான் ஓடியது சிரிப்பை அடக்க இல்லை. வைத்தியம் உள்ள நோய் இது. வைத்தியம் பார்க்கிற கை அந்தப் பத்தொன்பது வருடமும் என்னிடமிருந்து நாலடி தள்ளித்தான் இருந்தது. நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை நான் நம்பியிருந்தால், அவரும் என்னை நம்பியிருப்பாரோ என்னவோ. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இப்போது இல்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் சொன்னார்கள். அதிகாரி அவர்களும் சொன்னார்கள். வரும் திங்கட்கிழமை புதிய டாக்டர் ஒருவர் வருவார் என்று வாக்கும் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயதுப் பெண்ணாம். வரட்டும். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை நாங்கள் பிக்கப் வண்டிகளில் தலைநகருக்கு வருவோம், எத்தனை வண்டி என்று மட்டும் இப்போது சொல்லமாட்டேன்.

நான் தொடரப்போவது ஒன்றுதான். திங்கட்கிழமைப் பதிவேட்டில் முதல் வரியை நேற்றே எழுதிவிட்டேன். அதில் தெரிந்த பெண்மணியும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. என் பெயரை எழுதியிருக்கிறேன். இதோ, என் தலைத்துணியின் ஓரத்தைப் பாருங்கள். ஒரே ஒரு முடிச்சு, பெரிய முடிச்சு. அந்தச் சின்னப் பெண் என்னை "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்பாள். அவளுக்கு நம் சட்டம் தெரியாது, பாவம்.

டாக்டரம்மா, உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. அது தீராது. ஆனால் வெளியே போகச் சொன்னீர்கள், போனேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி உள்ளே வருகிறேன்.